சரிவு முடிகிற இடம்

என்னுடைய ஒன்பதாவது பிறந்தநாள், அது வருவதற்கு முன்பே வந்துவிட்டது. உண்மையான நாளுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அடையாறு போகலாம், ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்திருக்கும் பூங்காவில் நீ சைக்கிள் ஓட்டலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஒரு கற்பூரம், பேக்கரியில் ஒரு கேக் துண்டு, அதோடு சரி. பூங்கா, சைக்கிள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் இப்போதே என்று ஒப்புக்குக் கேட்டேன். பிறந்தநாள் அன்றைக்கு வேலை செய்யும் வீட்டில் லீவு தரமாட்டார்கள் என்றாள். நம்பினேன். சைக்கிள் என்று சொல்லிவிட்டு எதைச் சொல்லியிருந்தாலும் அந்த வயதில் நம்பியிருப்பேன்.

அம்மா கிளம்பியது என் தம்பியைப் பார்க்க.

அவனுக்குப் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்குள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். எனக்கு அப்போது நாலு வயது இருக்கும். அம்மா வார்டில் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். அப்பாவும் மாமாவும்தான் குழந்தையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் ஆற்றோரமாக நின்ற பூவரசு மரத்தடியில் புதைத்தார்கள். அவ்வளவு சின்ன உயிரை எங்களில் எரிப்பதில்லை. அதற்குத் திதி கிடையாது, காரியம் கிடையாது, சுவரில் மாட்டப் படமும் கிடையாது. அம்மா வீடு வந்து சேர்ந்ததும் மரத்தைக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவள் அந்த மரத்தடியில் கொஞ்சம் பால் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

பிறகு ஒருநாள் லாரிகள் வந்தன. ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றார்கள். சுத்தம் செய்யப்பட்ட அழுக்கு நாங்கள்தான். சட்டி பானை, துணி மூட்டை, கோழிக்கூடு எல்லாவற்றோடும் எங்களை ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்குத் தெற்கே, வேளச்சேரியையும் தாண்டி, சதுப்பு நிலத்துக்கு அப்பால் அடுக்குமாடி ஒன்றில் இறக்கிவிட்டார்கள். அம்மா ஒரு சுவரையோ கூரையையோ நினைத்து அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்கு விட்டுப்போனது மரத்தடி மண் மட்டும்தான். பிள்ளை இருந்ததற்கு அதைத் தவிர வேறு எந்த அடையாளமும் அவளிடம் இல்லை.

குடியிருப்பு மாறினாலும் வேலை மாறவில்லை. இரண்டு பஸ் மாறி அதே அடையாற்று வீட்டுக்குத்தான் பாத்திரம் தேய்க்கப் போய்வந்தாள். அந்த வீட்டம்மா ஒருநாள் தன் போனில் படங்கள் காட்டினாராம். ஆற்றோரம் பூங்கா வந்துவிட்டது, மரமெல்லாம் வைத்து அவ்வளவு அழகாக இருக்கிறது, நாங்கள் வாராவாரம் அங்கே ஹைக்கிங் போகிறோம், நீயும் உன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ என்றாராம். நாங்கள் அங்கே குடியிருந்த காலத்தில் தண்ணீர்க் குடத்தோடு அதே மண்ணில் நாளெல்லாம் ஹைக்கிங் போனவர்கள்தான். அம்மா படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். ஒன்றிலும் பூவரசு இல்லை.

அந்தப் பூங்கா வேலையில் கூலிக்கு மண் அள்ளியவர் மாமா. அம்மாவின் தம்பி. ஆகவே இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். மாமாவோ பிடி கொடுக்கவே இல்லை. இந்த வாரம் என்பார், அடுத்த வாரம் என்பார், மழை என்பார், முதுகு வலி என்பார். அப்பா ஒரே வாக்கியத்தில் கதவைச் சாத்திவிட்டார். "போனது போச்சு, இருக்கறத பாரு." கடைசியில் அம்மா என் பிறந்தநாளைத் தூண்டிலாகப் போட்டாள். என் பெயரைச் சொன்னால் மாமாவால் மறுக்க முடியாது. அப்படியும் அவர் குடித்துவிட்டு வருவார் என்றுதான் எதிர்பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், வாயில் வாடையே இல்லாமல் வந்து நின்றார். அப்படி ஒரு மாமாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முகம் மட்டும் காய்ச்சல்காரனின் முகமாக இருந்தது.

பூங்கா வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே என் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் பால்.

"சாப்பாடு ஐட்டம் எதுவும் உள்ள எடுத்துனு போவக்கூடாதும்மா."

"சாப்பாடு இல்ல சார். புள்ளைக்கு பாலு."

எனக்கு மானம் போயிற்று. ஒன்பது வயதாகப் போகிறவளுக்குப் புட்டிப் பாலா? நான் பால் குடிப்பதே இல்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை நசுக்கிய நசுக்கில் வாய் தானாக மூடிக்கொண்டது. காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போங்க என்றார்.

உள்ளே ஒரு பெரிய பலகையில் பூங்காவின் படம் வரைந்திருந்தது. நடக்கிறவர்களுக்குப் பச்சைக் கோடு, சைக்கிளுக்குச் சிவப்புக் கோடு. அம்மா அந்தப் பலகையின் முன் நின்று, எங்கள் தெரு எது, பம்பு எது, ஆட்டோ நிற்கும் இடம் எது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மேடாக்கி, பள்ளமாக்கி, புல் போட்டு, பாதை போட்டிருந்தார்கள். பாலம் ஒன்றைத் தவிர அவளுக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. மாமா அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்.

"நீ இங்கியே குந்துக்கா. நா பாப்பாவ ஒரு ரவுண்டு இட்டுகினு போய், எடத்த பாத்துட்டு வந்துர்றேன்."

வாடகைச் சைக்கிள் சிவப்பு நிறம், மணி வைத்தது. எனக்குச் சரியாக ஓட்டத் தெரியாது. மாமா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார். பாதை ஓரமெல்லாம் மூங்கில் வேலி, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை. கொஞ்ச தூரத்தில் ஒரு குளம் வந்தது. பறவைகளுக்காக வெட்டியது என்று எழுதியிருந்தது. ஏறி நின்று பார்க்க மரப்பலகையில் ஒரு மேடைகூடக் கட்டியிருந்தார்கள். தண்ணீரில் வெள்ளையாக ஒரு பறவை ஒற்றைக் காலில் நின்றது. இறங்கிப் பார்க்கலாம் என்றேன். மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை. "அங்க வேணாம்" என்று சொல்லி, சைக்கிளை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

அதற்குப் பிறகு பாதை மெல்ல ஏறி, மறுபடி இறங்கியது. இறக்கத்தில் பெடல் மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. மாமா கையை விட்டுவிட்டார் என்பது கீழே போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நானாக சைக்கிள் ஓட்டிய முதல் தூரம் அது. சரிவு முடிகிற வளைவில் ஒரு புங்க மரம் நின்றது. புதிதாக வைத்தது, என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். அதன் மேல் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். மாமா ஓடிவந்து சேர்ந்தார். பாதையில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இந்த பார்க்குலயே ஒனக்கு எந்த எடம் புடிச்சிகீது?"

நான் யோசிக்கவே இல்லை. "இதான்" என்றேன்.

"நல்லா பாத்து சொல்லு."

"இதான் மாமா. இங்கதான் சைக்கிள் தானா ஓடுது."

மாமா மரத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். தூரத்துப் பாலத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனார். நான் மணியடித்துக்கொண்டே முன்னால் போனேன். என் இடத்தைக் காட்டுவதற்கு இப்படி ஓர் ஊர்வலம் கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. வளைவு வந்ததும் மாமா புங்க மரத்தடியைக் கைகாட்டினார்.

"இதான்க்கா."

"இது பூவரசு இல்லியேடா."

"அத வெட்டிட்டாங்க. அதே எடத்துலதான் இத வெச்சாங்க. நாந்தான் குழி தோண்னேன்."

அம்மா செருப்பைக் கழற்றினாள். என்னைப் பார்த்து, சைக்கிளை விட்டு இறங்கு என்றாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் அதற்குமுன் பேசியதில்லை. நான் இறங்கினேன். அவள் பாதை ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு, "வந்துட்டன்டா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. மரத்தோடு பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டிலைத் திறந்து பாலை ஊற்றினாள். பாதைக்காக இறுக்கிப் போட்ட செம்மண், பாலைக் குடிக்கவில்லை. அது சரிவில் ஓடத் தொடங்கியது. அம்மா இரண்டு கைகளாலும் அணை கட்டி, அதை மரத்தின் வேர்ப் பக்கம் திருப்பித் திருப்பி விட்டாள். மேலிருந்து தலைக்கவசம் போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து மணியடித்தார். எக்ஸ்க்யூஸ் மீ, இது சைக்கிள் டிராக், உட்காரக் கூடாது என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. முழங்காலை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். சக்கரம் பால் மேல் ஏறி, ஈரக்கோடு ஒன்றைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் அம்மா அங்கே போனாள். மாமாவும் தவறாமல் கூடவே போனார், அன்றைக்கு மட்டும் குடிக்காமல். எனக்கு யார் அந்தப் பால் குடிக்கும் பிள்ளை என்று தெரிந்துகொள்ள இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று. மீதி தெரிய இன்னும் நாளாயிற்று.

மாமாவின் ஈரல் கெட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, ஆள் பாதியாகியிருந்தார். அம்மா வந்திருக்கிறாளா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் பேச ஆரம்பித்தார்.

"அந்த எடம் இல்ல பாப்பா. நா சும்மா காட்னேன். குருவிக்கு கொளம் வெட்னாங்க பாரு, அங்கதான் பூவரசு இருந்துச்சு. பொக்லைன் தோண்டிப் போட்டுகினே வந்துச்சு, நாங்க சட்டியில வாரி லாரியில கொட்னோம். வேரு வந்தப்பவே எனக்கு தெரிஞ்சிபோச்சு. வாயத் தொறக்கல. லாரி எங்க போவுதுன்னுகூட கேக்கல. சாயங்காலம் கூலி குட்த்தாங்க, வாங்கிகினு வந்துட்டேன்."

அழுதார். அழுவதற்குக்கூட அவர் உடம்பில் தெம்பு இல்லை. அந்தக் காசில்தான் அன்றைக்குக் குடித்தாராம். அதற்குப் பிறகு குடியை விடவே முடியவில்லையாம்.

"அக்கா என்னத்த நம்பிகினு வந்துச்சு? கொளத்த காட்ட சொல்றியா? அதான் ஒன்ன கேட்டேன். பச்ச புள்ள வாயால வந்த எடம், நல்ல எடமா இருக்கும்னு நெனச்சேன். அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது. அது தாங்காது. எம்மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது. அடுத்த வாரம் அவரும் போய்விட்டார்.

நான் செய்து கொடுத்த சத்தியம், செய்வதற்குப் பல வருஷம் முன்பே உடைந்துபோனது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது, நான் அவள் மடியில். மாமா படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் முகம் லேசாகியிருந்தது. இவ்வளவு நல்ல இடம் யாரால் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடுமே என்று எனக்குத் தாளவில்லை.

"அம்மா, அந்த எடம் நான் சொன்னதுதான் தெரியுமா? இந்த பார்க்குல எந்த எடம் புடிச்சிருக்குன்னு மாமா என்னத்தான் கேட்டாரு. நான்தான் அத காட்னேன்."

"இன்னா சொன்ன?"

முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். சைக்கிள் தானாக ஓடியது, மாமா நன்றாகப் பார்த்துச் சொல்லு என்றது, நான் யோசிக்காமலே சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

என் இடுப்பைச் சுற்றியிருந்த அம்மாவின் கை இறுகியது. கூட்டத்தின் இடுக்கு வழியாக அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா எங்களைப் பார்க்கவில்லை. காற்றில் அவர் இஸ்திரிச் சட்டை படபடத்தது. அந்தச் சட்டையின் முழங்கையில் செம்மண் ஒட்டியிருந்தது. இரண்டு நிறுத்தம் கழித்து அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல எடந்தான்."

என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"இத எங்கிட்ட சொன்னேன்னு மாமாகிட்ட சொல்லாத. அவன் தாங்கமாட்டான்."

அம்மா இன்னும் வருஷா வருஷம் பாட்டிலோடு அங்கே போகிறாள். புங்க மரம் நன்றாக வளர்ந்து, பாதைக்கே நிழல் விழுகிறது. குளத்தின் பக்கம் அவளும் திரும்புவதில்லை. ஆனால் இதெல்லாம் அன்றைக்கு பஸ்ஸில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த சிறுமிக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்துக் கொடுத்த இடத்துக்கு மாமா முன்னாலேயே என்னைப் பாராட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வேளச்சேரி வரும்வரை அம்மாவோடு பேசவில்லை.