மேற்குப் பக்கம் போன அட்டைகள்

நெடுந்தீவில் அனோஜினியை "ரீச்சர்" என்று கூப்பிடாதவர்கள் குறைவு. அரசாங்கம் மட்டும் இன்னும் அப்படிக் கூப்பிடவில்லை. உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கொஞ்சம் போதாமல் போய், கிழக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தவள். நியமனம் வரும், வரும் என்று இருந்ததில் கலியாணமும் முடிந்து, பிள்ளையும் பிறந்து, அந்தப் பிள்ளை முன்பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டது. "உன்ரை நியமனம் வாறதுக்குள்ளை கடலிலை மீன் முடிஞ்சிடும்" என்று கணவன் றெக்ஷன் பகிடி விடுவான். கடல் தொழிலுக்குப் போகிறவன், அவனுக்குத் தெரிந்த பகிடி அதுதான். அவளும் சிரிப்பாள். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு கோபித்துக்கொள்வாள்.

அப்படி இருந்தவளுக்குத்தான் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. கொழும்பிலிருந்து வசீகரன் என்ற பொருளியல் விரிவுரையாளர் வந்தார். பூர்வீகம் புங்குடுதீவு, தகப்பன் காலத்திலேயே ஊரை விட்டு வெளிக்கிட்ட குடும்பம். நல்ல மனிதர். அதை முதலே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனம் ஆறியிருக்கலாம்.

விசயம் இதுதான். தீவுப் பகுதியின் சின்னப் பள்ளிக்கூடங்களில் நாலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலருக்கு ஒரு பந்தியைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத் தெரியாது. பின்னேரத்தில் வாசிப்பு வகுப்பு வைத்து, படம் போட்ட கதை அட்டைகளை வீட்டுக்கும் கொடுத்துவிட்டால் தேறுவார்களா என்று பார்ப்பதே ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பும் அட்டையும் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு ஒன்றும் இல்லை. சோதனை மட்டும் எல்லாருக்கும் பொது. கிடைத்த பிள்ளைகள் கிடைக்காத பிள்ளைகளை விட நன்றாக வாசித்துக் காட்டினால் வெளிநாட்டு நிதி தொடரும், வகுப்பு எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் வரும். வித்தியாசம் இல்லையென்றால் எல்லாம் அத்தோடு நிற்கும்.

கிழக்குப் பக்கத்துக்குச் சீட்டு விழுந்தது. மேற்குப் பக்கத்துக்கு விழவில்லை. அனோஜினிக்கு வகுப்பு எடுக்கிற வேலை, கையில் சம்பளம், ஒரு பெட்டி நிறைய அட்டை. கூடவே ஒரு கண்டிப்பான கட்டளை: மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்கும் அட்டை போகக் கூடாது.

முதல் கிழமையே மேற்குப் பக்கத்திலிருந்து பவதாரணி சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்தாள். புருசன் விட்டுவிட்டுப் போனவள். ஒரே மகள் கஜாலினி நாலாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும், கூட்டி வாசிக்கச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

"ரீச்சர், எங்கட பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள்?"

"சீட்டக்கா. அதிலை நான் என்ன செய்ய ஏலும்?"

"சீட்டுப் போட்டுப் படிப்பிக்கிறதை நான் இப்பத்தான் கேள்விப்படுறன்" என்று சொல்லிவிட்டு, தந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே பவதாரணி போய்விட்டாள்.

ஆனால் ஊர் ஒன்று இருக்கிறதே, அது கட்டளை கேட்டு நடக்கிற சாமான் இல்லை. வள்ளம் கரைக்கு வந்தால் கரையில் நிற்கிறவர்களுக்குக் கறிக்கு ரெண்டு மீன் எறியாமல் போகிற பழக்கம் இங்கே கிடையாது. அட்டை மட்டும் எப்படி ஒரு வீட்டோடு நிற்கும்? கிழக்கிலே கலியாணம் செய்த அக்கா மேற்கிலே இருக்கிற தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டாள். கோவிலுக்கு வந்த மச்சாள்மார் சீலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டு போனார்கள். சனி, ஞாயிறுகளில் பனங்கூடலுக்குள் கிழக்குப் பிள்ளை ரீச்சராகவும் மேற்குப் பிள்ளைகள் மாணவர்களாகவும் வகுப்பு நடந்தது. அந்த ரீச்சர்மார் அனோஜினியை விட மோசம். பூவரசந் தடியும் கையில் வைத்திருந்தார்கள்.

அனோஜினி ஒரு நாள் அதைக் கண்ணால் கண்டாள். கஜாலினி ரெயில் படம் போட்ட அட்டையை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் யாரோ எழுதிய கதை. அங்கே இருந்த ஒரு பிள்ளையாவது ரெயிலை நேரில் கண்டதில்லை. "கூ என்று... சத்... சத்தமிட்டு..." என்று கஜாலினி முட்டி நின்றபோது அனோஜினியின் வாயிலிருந்து அடுத்த சொல் தன்பாட்டில் வந்துவிட்டது. பிள்ளைகள் திடுக்கிட்டு அட்டைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். அவள் காணாதவள் போல நடந்து போனாள். சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சந்தோசம்தான் கூட என்று சொல்ல வேண்டும்.

ஒரு வருசம் கழித்துச் சோதனை வைக்க வசீகரனோடு நாலைந்து இளம் பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளை வாசிக்கவிட்டு முடிய, வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கேள்வி கேட்டார்கள். அதில் ஒரு கேள்வி: "இந்த அட்டையளை வேறை பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடுத்தனீங்களோ?"

"ஐயோ, இல்லை பிள்ளை."

வீட்டுக்கு வீடு அதே பதில். பவதாரணியும் தன் மகள் அட்டையே கண்டதில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். இந்தச் சனத்தைப் பொய்யர்கள் என்று யாரும் நினைத்தால் எனக்குக் கோபம் வரும். நிவாரண மா வந்த காலம், கூரைத் தகரம் வந்த காலம், வீட்டுத் திட்டம் வந்த காலம் என்று எத்தனை பேர் கையில் தாளோடு வந்து எத்தனை கேள்வி கேட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கும் பங்கு கொடுத்தோம் என்று உண்மை சொன்னவனின் பெயர்தான் முதலில் வெட்டுப்பட்டது. கேள்வி கேட்க ஆள் வந்தால் "இல்லை" என்று சொல்ல அவர்களுக்குப் பழக்கப்படுத்தியது மற்றவர்கள்தான்.

கடைசியில் வசீகரன் அனோஜினியிடமே கேட்டார்.

"மிஸ், உங்களுக்குத் தெரிஞ்சு அட்டை ஒண்டும் அங்காலை போகேல்லைத்தானே?"

அவளுக்கு அந்த நேரம் ரெயில் அட்டைதான் ஞாபகம் வந்தது. போனது என்று சொன்னால் நாளைக்கே மேற்குப் பக்கம் போய்ப் பறித்துவிடுவார்கள்.

"இல்லை சேர்" என்றாள்.

முடிவு சொல்கிற கூட்டம் யாழ்ப்பாண ரவுணில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. ரோல்ஸ், தேத்தண்ணி எல்லாம் இருந்தன. திரையில் இரண்டு தூண் தெரிந்தது, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். நீலம் வகுப்பு கிடைத்த பிள்ளைகள், மஞ்சள் கிடைக்காத பிள்ளைகள். இரண்டும் ஒரே உயரம். இரண்டு பக்கமும் முன்னேறியிருக்கிறார்கள், ஆனால் வித்தியாசம் இல்லை. ஆகவே முன்னேற்றத்துக்கு இந்த வகுப்புத்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று வசீகரன் வாசித்தார். வாசித்தபோது அவர் குரலும் நன்றாக இருக்கவில்லை.

அனோஜினி எழுந்து நின்றாள். "சேர், அந்த மஞ்சள் பிள்ளையளும் எங்கட அட்டையிலைதான் வாசிச்சவை" என்றாள். நயினாதீவிலிருந்து வந்திருந்த ரீச்சர் ஒருத்தி கதிரையில் இருந்தபடியே, "எங்கடையிலையும் அப்பிடித்தான்" என்று முணுமுணுத்தாள்.

தேத்தண்ணி நேரம் வசீகரன் அவளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது போல இருந்தது.

"அண்டைக்குக் கேட்டனான் எல்லோ அனோஜினி?"

"பறிச்சுப் போடுவியள் எண்டு பயந்துதான் சேர் சொல்லேல்லை."

"எனக்கு விளங்குது. உண்மையா விளங்குது. ஆனா ஆருக்கு எத்தினை அட்டை போனது, ஆர் எவ்வளவு வாசிச்சது எண்டு ஒண்டும் என்னட்டை இல்லை. எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லியிருக்கினம். அண்டைக்குச் சொல்லியிருந்தா அது கணக்கு. இப்ப சொன்னா அது கதை. காசு குடுக்கிறவை கதைக்குக் குடுக்க மாட்டினம். அவை வேறை நாட்டுக்கு மாறியும் போட்டினம்."

"திருப்பி ஒருக்காச் செய்ய ஏலாதோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னாலை ஏலாது" என்றார்.

அட்டைப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பும்படி அறிவித்தல் வந்தது. அனோஜினி கிழக்குப் பிள்ளைகளிடம் சேர்த்தாள். குறைந்ததைக் கிழிந்துபோனதாக எழுதலாம் என்று நினைத்திருந்தாள். மேற்குப் பக்கத்துக்குப் போகவே இல்லை. அவளால் செய்யக்கூடியதாக அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அதையும் மேற்குப் பக்கத்தார் விடவில்லை. பெட்டிகளைப் படகில் ஏற்றுகிற நாள் காலையில் மாவிலித்துறைக்குப் பவதாரணி மகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் சொப்பிங் பை. உள்ளே மேற்குப் பக்கத்து அட்டைகள் எல்லாம், ஒன்று கூடக் குறையாமல்.

"அக்கா, இதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?" என்றாள் அனோஜினி.

"உம்மைக் கள்ளி எண்டு ஆரும் சொல்லக் கூடாது ரீச்சர். பெட்டி குறைஞ்சா உம்மட்டைத்தானே கேப்பினம். வகுப்பு திரும்பி வரேக்கை உம்மைத்தான் கூப்பிட வேணும்."

வகுப்பு திரும்பி வராது என்று அனோஜினிக்குத் தெரியும். எப்படிச் சொல்வது?

கஜாலினி பையிலிருந்து ரெயில் அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஒருக்கா வாசிச்சுப் போட்டுத் தரட்டோ ரீச்சர்?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் தொடங்கிவிட்டாள். கூ என்று சத்தமிட்டு ரெயில் புறப்பட்டது. பிள்ளை ஓரிடத்திலும் முட்டவில்லை. காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். படகுக்கு ஏறிக்கொண்டிருந்த சனம் கூட நின்று கேட்டது. எழுதி வைக்கத்தான் ஒருவரும் இல்லை.

படகுக்காரன் கை காட்டினான். கஜாலினி அட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நல்லா வாசிச்சனானோ?"

"நல்லா வாசிச்சனீ அம்மா. வடிவா வாசிச்சனீ."

பிள்ளை பெட்டியைப் பார்த்தது, பிறகு ரீச்சரைப் பார்த்தது.

"அப்ப ஏன் எடுக்கினம்? நாங்கள் பிழையா வாசிச்சிருந்தா விட்டிருப்பினமோ?"

அதற்குச் சரியான பதில் ஓம் என்பதுதான். அனோஜினி குனிந்து பெட்டிக்குக் கயிறு கட்டத் தொடங்கினாள்.