பேசாதவளுக்குக் கிடைத்த பேச வைக்கிற வேலை

பிள்ளைகளைப் பேச வைக்கிற வேலைக்குப் போய்ப் பாருங்கள். "பேசு" என்று சொன்ன உடனே அவர்கள் எப்படி வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள் என்று தெரியும். அந்தக் கஷ்டம் பட்டவர்களுக்கு என் கதை புதிதாக இருக்காது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவற்றோடு என் குழந்தையும் ஒன்று. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு, வாய் திறக்கக் கூச்சப்படுகிற சுபாவம். அழுகிற குழந்தைகள் என்னிடம் அடங்குவதைக் கண்ட பள்ளிக்கூடத்து மாஸ்டர், பேச்சு சரியாக வராத மூன்று பிள்ளைகளைத் தினமும் கடைசி ஒரு மணி நேரம் என் தலையில் கட்டிவிட்டார். அந்த நேரத்துக்குக் கைக்குழந்தைகளை என் மாமியார் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள்

மூவரையும் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு மாஸ்டர் உள்ளே போய்விட்டார். நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மணி அடிக்கும்வரை அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு வாயாடிச் சிறுமி மாஸ்டரிடம் கேட்டாள்: "சார், இந்த அக்காவுக்கும் பேச்சு வராதா?"

வசம்பு

மூவரில் புஷ்பத்துக்குத் திக்குவாய். தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியின் மகள். "தீபாவளி வரைக்கும் பாக்குறேன். சரிவரலேன்னா தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்" என்று கங்காணி சொல்லிவிட்டார். அவள் படிப்பு என்னால் நின்றுபோகுமோ என்ற பயத்தில், யார் எதைச் சொன்னாலும் செய்தேன். வசம்பை உரசி நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்றார் மாமியார். தடவினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தி அழுதார்கள். வகுப்பை விட்டு ஓடிவந்த மாஸ்டர் சொன்னார்: "சத்தம் வந்திருச்சு தங்கச்சி. இனி சொல்லு வந்தாப் போதும்."

பெரட்டு

ஒரு மழை நாளில் நான் பிந்திப் போனேன். பிள்ளைகள் பெரட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பாரே, அதுதான். அதற்குப் பிந்தினால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். புஷ்பம் கையில் குச்சியோடு, அப்பா மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி, எங்கும் திக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒனக்கு அரைப் பேருதான். முழிக்காம வரிசையில நில்லு."

பசுவுக்கு விழுந்த ஏச்சு

மறுநாளிலிருந்து அதுவே எங்கள் பாடம். பேர் கூப்பிட்டால் நானும் மலைக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுக்க வேண்டும். முனகினால் புஷ்பம் விடமாட்டாள். எனக்குள் அத்தனை சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. வாசிப்புப் புத்தகத்தையும் அவள் கங்காணி தொனியிலேயே படித்தாள். பசு புல் தின்கிற பாடம். கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் சொன்னார்: "பாவம் பசு, புல்லு திங்கிறதுக்கும் ஏச்சு வாங்குது."

கங்காணி வந்தார்

தீபாவளிக்கு முன்பே கங்காணி மகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். பெரட்டு நடுவில் இருந்த புஷ்பம் குச்சியை அவர் பக்கம் நீட்டி, "பேச்சு பெறகு. மொதல்ல வரிசையில நில்லு" என்றாள். அவர் முகம் சிவந்தது. குச்சி இறங்கியது. இப்போது விட்டால் அவள் திரும்ப வாய் திறக்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. "நில்லுங்கண்ணே, கங்காணி கூப்பிடுறாங்கல்ல" என்றேன். என் குரல் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். புஷ்பம் கடைசிப் பேர்வரை கூப்பிட்டு, அவருக்குச் செங்குத்தான மலையில் வேலை கொடுத்தாள். போகும்போது அவர் என்னிடம் சொன்னார்: "நாளைக்கும் வருவா தங்கச்சி. நான் ஏசுற ஏச்சுல பாதிய மட்டும் சொல்லிக் குடுங்க."

இப்போதெல்லாம் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பிள்ளைகளைப் பேச வைக்கிறேன் என்று உரக்கவே சொல்லிவிடுகிறேன், கூச்சப்படுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.