வெடிக்காத கார்

பாண்டிராஜின் கார் வெடித்துச் சிதறிவிட்டது என்பது ஆமத்தூரில் கிளம்பிய செய்தி. சூலக்கரை வருவதற்குள் அதற்கு இன்சூரன்ஸ் பணம் வந்துவிட்டது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் பணத்தில் அவர் மனையே வாங்கிவிட்டார். இன்னொரு கடை தள்ளி விசாரித்தால் கிரகப்பிரவேசம் முடிந்திருக்கும் என்று தோன்றியதால், அதோடு நிறுத்திக்கொண்டு ஆமத்தூருக்கு பஸ் ஏறினேன்.

மனை வாங்கியவர் வாடகை வீட்டு வாசலில் கைலியோடு உட்கார்ந்து, அறுந்த செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. நீங்களும் வெடிச்ச காரப் பாக்கத்தான் வந்தீகளா? வெடிச்சிருந்தா நிம்மதியால்ல இருந்திருப்பேன்."

பாண்டிராஜின் அப்பா கூலிக்கு வெள்ளாமை வேலை பார்த்தவர். இவர் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி, லோடு வண்டியிலேயே ஓட்டப் பழகி, பைனான்ஸில் ஒரு கார் எடுத்தார். சீசனுக்கு முன்னால் சரக்குப் பார்க்க வரும் வடநாட்டு வியாபாரிகளை மதுரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதுதான் தொழில். முதல் வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த வருஷம் வியாபாரிகள் மாதிரிப் படத்தை போனிலேயே பார்த்து ஆர்டர் போட்டுவிட்டார்கள். கார் நின்றது, தவணை நிற்கவில்லை.

வசூலுக்கு ஆள் வந்தது. அடுத்து வண்டியைத் தூக்க ஆள் வரும் என்று தெரிந்ததும் பாண்டிராஜ் தன் மச்சான் காசிராஜனிடம் போனார். அவர் ஒரு சின்னப் பட்டாசு யூனிட்டுக்கு வாட்ச்மேன். யூனிட்டின் கோடியில் ஒரு காலி ஷெட் இருந்தது.

"வண்டி வேணா உள்ள வரட்டும் மாப்ள. பேட்டரி வரக் கூடாது. பெட்ரோலும் வரக் கூடாது. மருந்து இருக்க இடம்."

ஆகவே பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்தார்கள். பெட்ரோலை வடித்தார்கள். காரைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். சட்டத்துக்குப் புறம்பான அந்தக் காரியத்தில் பாதுகாப்பு விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. தள்ளுவதற்கு ஆள் போதாமல், வேலை முடிந்து கிளம்பிய நாலு பெண்களைக் கூப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவள் பாலம்மாள் கூலி கேட்டாள்.

"கூலி என்னக்கா கூலி. பிரச்சினை தீரட்டும், இதே கார்ல உங்க நாலு பேரையும் இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பாண்டிராஜ்.

இதைவிடப் பத்திரமான இடம் மாவட்டத்திலேயே கிடையாது என்று அவர் நம்பினார். அது உண்மைதான். அடுத்த வாரமே அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். யூனிட்டில் விதிக்கு மாறாக மரத்தடியில் உட்கார்ந்து வெடிக்குத் திரி சொருகிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டு, வாசல் கதவைப் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். தார்ப்பாய்க்கு அடியில் கார் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. காரை இப்போது அரசாங்கமே ஒளித்துவைத்திருந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு போலீசோடு ஒரு வக்கீல் வந்தார். பைனான்ஸ் கம்பெனி போட்ட வழக்கில், வண்டியைக் கைப்பற்றக் கோர்ட்டு நியமித்த கமிஷனர். "வண்டி வெளியூர் போயிருக்கு சார்" என்றார் பாண்டிராஜ். கமிஷனர் அதை அப்படியே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

பாண்டிராஜ் மனைவி இசைவாணிதான் அவரை விருதுநகருக்கு, வக்கீல் சொர்ணலட்சுமியிடம் இழுத்துக்கொண்டு போனது.

"தவணை கட்டாதது சிவில் விஷயம்" என்றார் வக்கீல். "அதுக்கு ஜெயில் இல்ல. வண்டிய மறைச்சதுதான் உங்களுக்கு வினை. பைனான்ஸ்காரங்க நம்பிக்கை மோசடின்னு புகார் எழுதி வச்சிருக்காங்க. கோர்ட்டு கமிஷனர்கிட்டப் பொய் வேற சொல்லியிருக்கீங்க. அடுத்த வாய்தாவுக்குள்ள வண்டிய ஒப்படைக்கலேன்னா எப்.ஐ.ஆர். வரும்."

"பின்பக்கக் கம்பி வேலிய வெட்டி எடுத்துரலாமான்னு எங்கண்ணன் கேட்டாரு" என்றாள் இசைவாணி.

"சீல் வச்ச இடத்துல கை வச்சா அது தனி கேசும்மா."

பாண்டிராஜ் பயந்தது எப்.ஐ.ஆருக்குத்தான். ஒரு பெரிய பட்டாசுக் கம்பெனியில் ஆளேற்றும் வேனுக்கு டிரைவராகப் பேசிவைத்திருந்தார். போலீஸ் சான்று கொண்டுவந்தால்தான் வேலை. கேஸ் இருந்தால் சான்று இல்லை. கார் போனதை அவர் என்றைக்கோ ஏற்றுக்கொண்டார். இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

திங்கட்கிழமை சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் மனு நாள். பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் நின்ற கூட்டத்தில் பாண்டிராஜும் நின்றார். தான் செய்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். மனுவை வாங்கிய அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"எல்லாரும் யூனிட்டத் திறங்கன்னு கேப்பாங்க. கடன்காரன்கிட்ட காரக் குடுக்கணும், திறங்கன்னு கேக்குற முத ஆளு நீதாம்ப்பா."

அந்த மேசை, இந்த மேசை என்று மனு நகர்ந்தது. பாண்டிராஜ் அதற்குப் பின்னாலேயே நடந்தார். செருப்பு அறுந்தது அப்போதுதான். வாய்தாவுக்கு முந்தின நாள் அதிகாரி, கமிஷனர், பைனான்ஸ் ஆள் எல்லாரும் வந்து சீலை அகற்றிக் கதவைத் திறந்தார்கள். கார் அசையவில்லை. பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டலாம் என்றார் பைனான்ஸ் ஆள். காசிராஜன் குறுக்கே வந்து நின்றார்.

"கேட்டுக்கு வெளிய மாட்டிக்கோங்க. உள்ள கூடாது."

யூனிட் திறக்கிறதாம் என்று வேலை கேட்டு வாசலில் வந்து நின்றவர்கள் அதே நாலு பெண்கள். அவர்களே மறுபடி தள்ளினார்கள். வேலை கிடைக்கவில்லை. கார் வெளியே வந்ததும் திரும்ப சீல் வைத்துவிட்டார்கள்.

கோர்ட்டில் பாண்டிராஜ் தலைகுனிந்து நின்று திட்டு வாங்கினார். வண்டி கைக்கு வந்ததால் பைனான்ஸ் கம்பெனி புகாரை மேலே கொண்டுபோகவில்லை. போலீஸ் சான்று கிடைத்தது, வேனும் கிடைத்தது. கார் ஏலத்தில் போனது போக மிச்சக் கடன் மாசாமாசம் சம்பளத்தில் போகிறது. காசிராஜனுக்கு இன்னும் வேலை இல்லை. தினமும் சாயங்காலம் தங்கச்சி வீட்டில் வந்து சாப்பிட்டுப் போகிறார்.

நான் கிளம்பும்போது குடத்தோடு ஒரு அம்மா தெருவில் போனாள். அவள்தான் பாலம்மாள். பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து, இப்போது பாண்டிராஜின் வேனில்தான் தினமும் போய் வருகிறாளாம்.

"ஏலே பாண்டி, இருக்கன்குடி எப்பலே?"

"தினமும் உன்னய ஏத்திட்டுத்தானக்கா போறேன்."

"அது கம்பெனி வண்டி. கம்பெனிக்கு ஓட்டுத. உள்ள தள்ளுனதுக்கு ஒண்ணு, வெளிய தள்ளுனதுக்கு ஒண்ணு. ரெண்டு இருக்கன்குடி பாக்கி நிக்குது."

பாண்டிராஜ் குனிந்து செருப்பில் ஊசியை ஏற்றினார்.