குளவிக்கு மூக்கு மீசையில்

இந்த மலையில் விடிந்ததும் எனக்கு முதல் வேலை கூரையை அண்ணாந்து பார்ப்பது. வாசல் தெளிக்கும் வாளி கையில் இருந்தாலும், குளவிகள் என்ன மனநிலையில் இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் படியிறங்க வேண்டும். போடியில் பிறந்து, கல்யாணமாகி மேலே ஏறிவந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. கீழே குளவியெல்லாம் ஒரு பொருட்டா? கொட்டினால் செருப்பால் அடித்துத் தேய்த்துவிட்டு, கொட்டின இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு சோலியைப் பார்ப்போம். இங்கே அந்தப் பழக்கம் ஆளையே சாய்த்துவிடும் என்று எனக்குச் சொன்னவள் பக்கத்து வீட்டு ஏலியம்மா சேச்சி. அவளும் கோட்டயத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள்தான். கூரையில் இருக்கும் சின்னக் குளவியை விரட்டினாலும் பரவாயில்லை, காட்டுமரத்தில் பானை மாதிரிக் கூடு கட்டும் கதண்டை மட்டும் நசுக்கக் கூடாது என்றாள். செத்த கதண்டின் மணம் காற்றில் போய் மற்றதையெல்லாம் கூட்டி வருமாம். அவள் அதைக் கடந்நல் என்பாள். இரண்டும் ஒரே சாதிப் பூச்சிதான், பார்த்தால் பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனும் போலத்தான் இருக்கும். மோப்பத்தில் மட்டும் இத்தனை வித்தியாசம் எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் ஸ்டோரில் வேலை. பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தைத்தான் இங்கே ஸ்டோர் என்கிறார்கள். அவர் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பேச ஆளில்லாத பகலில் நான் குளவி பார்த்தேன், சிரிக்காதீர்கள். வேறு கூட்டுக் குளவி தெரியாமல் வந்து உட்கார்ந்தால், வீட்டுக்காரக் குளவி தன் இரண்டு மீசையாலும் அதைத் தடவிப் பார்க்கும். அடுத்த நொடியே தள்ளிவிடும். குளவிக்கு மூக்கு மீசையில்தான் என்று அப்போது முடிவுகட்டினேன். ஒரு மழைக்காலத்தில் கூரை மாற்றும்போது ஒரு கூடு பிய்ந்து விழுந்தது. பாவமாக இருந்ததால் அதைத் துடைப்பக்கட்டையில் எடுத்து, உத்தரத்தில் இன்னொரு கூட்டை ஒட்டிச் செருகிவைத்தேன். விழுந்த கூட்டின் வளர்ந்த குளவிகள் பக்கத்துக் கூட்டில் கால் வைத்தபோதெல்லாம் அடி வாங்கிக்கொண்டு திரும்பின. அன்றைக்குத்தான் அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த, இறகுகூடச் சரியாக விரியாத புதுக்குளவிகள் தட்டுத்தடுமாறி அங்கே ஏறின. வீட்டுக்காரக் குளவி மீசையால் தடவிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. சில நாளில் எது வந்தது, எது அங்கேயே பிறந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் மகள் செல்வி அப்போது இடுப்பில் இருந்தாள். இந்த மலை அவளுக்குப் பிறந்த இடம், எனக்கு வந்த இடம். அதை நினைத்து அப்போது சந்தோஷம்தான் பட்டேன்.

பிறகு மொழி பார்த்து மாநிலங்களைப் பிரித்தார்கள். மலைப்பாதை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ், இந்தப் பக்கம் மலையாளம் என்றாகி, நாங்கள் நகராமலேயே வேறு ஊர்க்காரர்களாகிவிட்டோம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் கீழே போனவர் திரும்பி வரவில்லை. செல்வி மலையாள எழுத்தை எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். அழகாகத்தான் எழுதியிருந்தாள், எனக்குத்தான் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் எழுத்துக்கு முன்னால் கைநாட்டுக்காரி போல நின்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. விஷயம் போடிக்குப் போனதும் என் தம்பி பரமன் ஏலக்காய் லாரியில் ஏறி வந்துவிட்டான். தாய்மாமன் அல்லவா, முறுக்கும் சீப்பணியாரமும் ஒரு தூக்குச்சட்டி நிறைய.

"அக்கா, புள்ளைய எங்கூட அனுப்பு. நம்ம வீட்டுல இருந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். இங்க இருந்தா நாளைக்கு உனக்கே கடுதாசி எழுத மாட்டா" என்றான்.

யோசிக்கலாம் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, மச்சானிடமே கேட்கிறேன் என்று கோபித்துக்கொண்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர்ப் பக்கம் நடந்தான். நான் பின்னாலேயே போனேன். வழியில் ஒரு கதண்டு அவன் தலையைச் சுற்றியது. எண்ணெய் வாசம் பிடித்து வந்ததோ என்னவோ. "மாமா, அடிக்காதீங்க, சும்மா நில்லுங்க" என்று செல்வி சொல்லிக்கொண்டிருக்கும்போதே துண்டால் வீசித் தரையில் தள்ளி, போடிக்காரனுக்கே உரிய தெம்போடு செருப்பால் தேய்த்தான். தோட்டத்திலிருந்து ஏலியம்மா சேச்சி கத்தினாள்.

"ஐயோ, கொல்லல்லே! மணம் பிடிச்சு பாக்கி எல்லாம் வரும்!"

"ஒத்தக் குளவிக்கு இந்தப் பொம்பள எதுக்குக்கா இப்படிக் கத்துது?" என்று அவன் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் மரத்திலிருந்து கதண்டுகள் கூட்டமாக வந்துவிட்டன. செல்விதான் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டோர் அடுப்பு வாய்க்கு ஓடினாள், அங்கே எந்நேரமும் புகை இருக்கும். அங்கேயும் இரண்டு மூன்று அவன் சட்டையை விடாமல் சுற்றின. கொட்டின இடத்திலும் அந்த மணம் ஒட்டியிருக்குமாம். "ஷர்ட்டு ஊரிக் களயு!" என்று சேச்சி கத்த, அவன் விழித்துக்கொண்டு நிற்க, என் ஆறு வயது மகள், "சட்டையக் கழத்தி வீசுங்க மாமா" என்று அதைத் தமிழாக்கினாள். செல்விக்கு ஒரு கொட்டுகூட இல்லை.

பரமன் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் காய்ச்சலோடு என் வீட்டில் படுத்துக் கிடந்தான். சேச்சிதான் ஏதோ பச்சிலையை அரைத்து வந்து பூசினாள். காய்ச்சல் விட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல?" என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்து, "இவ இந்த மலைக்காரிதான்க்கா. நான் கூப்பிட்டது தப்போ என்னமோ" என்றான். அவன் பிடிவாதமாகக் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். அப்படிச் சொன்னதும்தான் உத்தரத்துக் கூடு நினைவுக்கு வந்தது. இறகு விரியாததைத்தான் இன்னொரு கூடு ஏற்றுக்கொண்டது. நாலு வருஷம் கழித்து அனுப்பினால் மலைக்காரப் பெண் என்று போடியில் முகர்ந்து பார்த்துத் தள்ளுவார்கள். எனக்கு அது தெரியும், நான் ஊருக்குப் போகும்போதே என்னிடம் ஏலக்காய்ப் புகை அடிக்கிறது என்று தங்கச்சிமார் மூக்கைச் சுளிக்கிறார்கள். போனால் இப்போதே போக வேண்டும். அந்தக் குளவிகளில் சில நாளில் எது எந்தக் கூட்டுக் குஞ்சென்று அடையாளம் தெரியாமல் போனதும் நினைவுக்கு வந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "கூட்டிட்டுப் போ" என்றேன், பிறகு அடுப்படிக்குள் போய் அழுதேன்.

செல்வி கேட்டது ஒன்றுதான், என் பழைய நூல் சேலை. அவளைச் சுற்றித் தூங்கவைத்த சேலை. இப்போது அது லாரியில் ஏறி இறங்குகிறது. மலை வாசம் போய்விட்டால் அவளுக்குத் தூக்கம் வருவதில்லையாம், தம்பி சொல்லியனுப்புவான், நான் வாசம் ஏற்றித் திருப்பியனுப்புவேன். இந்த முறை வந்தபோது அதில் போடி வெயில் இருந்தது, அரப்புப் பொடி இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் என் மகளின் தலை வாசம் இருந்தது. கீழே இருப்பவர்களே, என்னைப் போல வந்த இடத்தில் இருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். இதை ஸ்டோர்ச் சூட்டில் தொங்கவிட்டால் என் வாசம் ஏறும், அவள் வாசம் போய்விடும். தொங்கவிடாவிட்டால் அவள் அங்கே எதை முகர்ந்து தூங்குவாள்?

"லாரி கெளம்பப் போகுது, சேலையக் கொடு. நான் கொடியில போட்டு எடுத்தாறேன்" என்றார் வீட்டுக்காரர்.

நானே வருகிறேன் என்று போனேன். ஒரு முந்தியை ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே கொடியில் போட்டேன். சூடு ஏறத் தொடங்கியது. கீழே தொங்கிய மறு முந்தியை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, லாரிக்காரன் ஹார்ன் அடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.