இடப்பக்கம் சாய்ந்து நடக்கும் பல்

வெர்னா ஸ்டோல்ட்ஸ் தன் வாழ்நாளில் எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருப்பாள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்திருந்தால் ஹேடன் ஃபெரி ஊரே வாயைப் பிளந்திருக்கும். ஒஹையோ ஆற்றங்கரையில் ஒரு பீங்கான் ஆலையை நம்பிப் பிழைத்த ஊர் அது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வெர்னாவும் அந்த ஆலைக்குத்தான் போனாள். கோப்பைகளுக்குக் காது ஒட்டுகிற வேலை. ஆலையை இழுத்து மூடியதும், அழுது கொண்டிருக்காமல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்னக் கடை போட்டாள். சாவி கொடுத்தால் கடகடவென்று அடித்துக்கொண்டே நடக்கும் பிளாஸ்டிக் பல்செட், குசு விட்டதுபோல் சத்தம் போட்டு உட்கார்ந்தவர் மானத்தை வாங்கும் ரப்பர் பை, தலையாட்டும் நாய், குதிக்கும் தகரத் தவளை. இவைதான் சரக்கு. எதுவும் இரண்டு டாலரைத் தாண்டாது.

பிறகு புறவழிச்சாலை வந்தது. கார்களெல்லாம் அந்தப் பக்கமாகவே பறந்துவிட்டன. கடையை மூடினாள். மிஞ்சிய சரக்கு அட்டைப்பெட்டிகளில் ஏறி, வீட்டுக் கராஜைத் தரையிலிருந்து கூரை வரை அடைத்துக்கொண்டது.

அவள் கணவன் ஓரின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வாய் அதிகம் பேசாது. ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் விடியுமுன் எழுந்து, வெளியே நிற்கும் தன் பிக்கப் வண்டியின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போது மட்டும் அவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டால் பாதிரியார் காதைப் பொத்திக்கொள்வார். இரண்டாயிரத்து இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குள் பெட்டிகள் போகவில்லையென்றால், தானே ஏற்றிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கொட்டிவிடுவதாக.

"பல்லு செட்டுக்கு வீடு, என் வண்டிக்குப் பனியா, வெர்னா? நீயே சொல்லு, இது நியாயமா?"

நியாயமில்லைதான். ஆனால் அந்தத் தவளைகள் குப்பைமேட்டில் கிடப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓரினின் தங்கை லூயெலா இணைய ஏலத்தில் பழைய பொத்தான்கள் விற்கிறவள். அவள்தான் வெர்னாவைக் கணினி முன் உட்கார வைத்து வழி காட்டினாள். தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட வேண்டும், 'அபூர்வம்' என்று இரண்டு முறையாவது எழுத வேண்டும், ஆச்சரியக்குறிகளுக்குக் கஞ்சத்தனம் கூடாது என்று பாடம் நடத்தினாள். வெர்னாவும் அப்படியே செய்தாள். ஒரு பல்லும் நகரவில்லை. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற எண்ணும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஏறியதில் பாதி அவளே போய்ப் பார்த்தது.

ஒரு நாள் மதியம் அவள் விற்கிறவளாக இல்லாமல் வாங்குகிறவளாகத் தேடிப் பார்த்தாள். கடிக்கும் பல் என்று தட்டினாள். பக்கம் பக்கமாக வந்தன. எல்லாம் அபூர்வம், எல்லாம் கூச்சல். எதை வாங்குவது என்று அவளுக்கே தெரியவில்லை. கடையில் இருந்த நாட்களை நினைத்தாள். பெட்டிக்குள் கிடக்கிற பல்லை எந்தக் குழந்தையும் வாங்கியதில்லை. அவள் சாவி கொடுத்து மேடைமேல் விடுவாள். அது இரண்டு கடி கடிக்கும். கை தானாகப் பைக்குள் போகும். திரையில் சாவி கொடுக்க யாரால் முடியும்? அந்த வேலையை வார்த்தைதான் செய்ய வேண்டும்.

ஒரு பல்லை எடுத்துச் சமையலறை மேஜையில் ஓடவிட்டாள். குனிந்து, கன்னம் மேஜையில் படுகிற மாதிரி பார்த்தாள். மறுபடி விட்டாள். பிறகு அது விளிம்பைத் தாண்டி விழாமலிருக்க அலமாரியிலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து அதற்குள் வைத்துப் படம் பிடித்தாள். உட்கார்ந்து எழுதினாள்:

'சாவி கொடுத்தால் கடிக்கும் பல். சிவப்பு ஈறு, வெள்ளைப் பாதம், உள்ளங்கையில் அடங்கும். என் மேஜையில் பல தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாத் தடவையும் இடப்பக்கம் சாய்ந்தே நடந்தது. நேராகப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் நின்று, எதையோ யோசித்துவிட்டு, மறுபடி கடிக்கத் தொடங்குகிறது. முன்பல்லில் மயிரிழை அளவுக்குக் கீறல் உண்டு. படத்தில் தெரியாது, அதனால் சொல்கிறேன். தூங்கும் கணவரின் மார்பில் விட்டால் வேலை செய்கிறது. சோதித்தாயிற்று.'

அடுத்த நாளே ஏலம் ஏறத் தொடங்கியது. ஒரு டாலர் ஐந்தானது, ஐந்து இருபதைத் தாண்டியது. எண்ணும் பெட்டி பைத்தியம் பிடித்ததுபோல் ஓடியது. தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையத்தை விட்டு வெர்னா இறங்காததால் தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் லூயெலா காரெடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். ஓரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். "பல்லுக்கா?" என்றான். "அந்தப் பல்லுக்கா?"

வெர்னா திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். தான் எழுதிய வரிகளைத் தானே விரல் வைத்து வாசித்தாள், வேறு யாரோ எழுதியதுபோல.

அப்போதுதான் முன்னணியில் இருந்தவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. கிண்ணத்தின் விளிம்பு எங்கேயும் உடைந்திருக்கிறதா, அடியில் முத்திரை உண்டா என்று. கொஞ்ச நேரத்தில் இன்னொருவரும் அதையே கேட்டார்.

பழைய கண்ணாடிச் சாமான் சேர்க்கிறவர்கள் பல்லுக்கு அல்ல, கிண்ணத்துக்குத்தான் விலை ஏற்றியிருந்தார்கள். லூயெலாதான் முதலில் வாய் திறந்தாள். கிண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றாள். ஓரினும் அதே கட்சி. "வருஷத்துக்கு ஒரு நாள் கிரான்பெர்ரி சாஸ் வெக்கிறோம். மிச்ச நாளெல்லாம் அலமாரியில தூங்குது. குடுத்துத் தொலையேன்."

வெர்னா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. கராஜ் கதவைப் பார்த்தாள். "கிண்ணம் ஒண்ணுதான் இருக்கு, ஓரின். அங்க கராஜ் நெறைய பெட்டி இருக்கு. நான் எழுதுனத வாசிச்சு ஒருத்தராவது பல்லை வாங்குவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியணும். மாட்டாங்கன்னா நீயே கொண்டு போய்க் கொட்டு. நான் குறுக்க நிக்கல."

கிண்ணம் விற்பனைக்கில்லை, படத்தில் வந்தது தன் தவறு, அதற்காகக் கேட்டவர்கள் விலகிக்கொண்டால் மனத்தாங்கல் இல்லை என்று பட்டியலின் கீழே சேர்த்தாள்.

விலகினார்கள். சாயங்காலத்துக்குள் விலை சரசரவென்று கீழே இறங்கி இரண்டு டாலரில் வந்து நின்றது. லூயெலா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓரின் வெளியே போய், வண்டியின் பின்பக்கத்தைப் பெட்டி ஏற்றுவதற்காகக் கூட்டத் தொடங்கினான். ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் பாத்திரம் கழுவினாள்.

ஏலம் முடிகிற நாளில் திரையைத் திறந்தபோது விலை நாலு டாலர். யாரோ இரண்டு பேர் போட்டி போட்டிருந்தார்கள். ஜெயித்தவள் நெப்ராஸ்காவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிற பெண். ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள். வெர்னா ஓரினைக் கூப்பிட்டு அதை உரக்க வாசித்தாள்.

"எனக்கு அந்தக் கிண்ணத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நடுவுல நின்னு யோசிக்குதுன்னு எழுதியிருந்தீங்களே, அத வாசிச்சுட்டு நோயாளிங்க முன்னாடியே சத்தமா சிரிச்சுட்டேன். நேரா நடக்குற பல்லு இருந்தா தயவுசெஞ்சு மாத்தி அனுப்பிடாதீங்க. இதேதான் வேணும். வேற என்னெல்லாம் வெச்சிருக்கீங்க?"

வெர்னா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இண்டியானாவைத் தாண்டி மேற்கே அவள் போனதே இல்லை. நெப்ராஸ்காவில் முகம் தெரியாத ஒருத்தி, தொட்டுப் பார்க்காத ஒரு பொருளை, இந்த மேஜைமேல் அது நின்ற நிலையிலேயே பார்த்துவிட்டாள். சாவி இங்கே இருக்கிறது. பல் அங்கே ஓடியிருக்கிறது. எத்தனை பெரிய விஷயம் இது என்று யாரிடம் போய்ச் சொல்வது? தோற்ற இன்னொருவரும் இன்னொரு பல் உண்டா, அது எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டிருந்தார்.

அன்று மாலையே தலையாட்டும் நாயை எழுதினாள். அது எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லும், வருமான வரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்கும் என்று. அதுவும் போனது. ரப்பர் பைகள் ஒரே வாரத்தில் ஒரு பெட்டி காலி. கராஜ் காலியாகிவிடவில்லை, ஆனால் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்க வழி கிடைத்தது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை ஓரின் கராஜுக்குள் போனான். வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். திரும்பி வந்தபோது அவன் கையில் பெட்டி இல்லை. ஒரு தகரத் தவளை இருந்தது.

"இது பின்னால குதிக்குது வெர்னா. முன்னால போகவே மாட்டேங்குது. அத எழுதுனியா?"

"எழுதல. எப்படி விழுதுன்னு பாத்தியா?"

"அத எதுக்குப் பாக்கணும்?"

"அதத்தான் பாக்கணும் கெழவா. இங்க வெச்சு விடு."

அவன் சாவி கொடுத்து மேஜையில் விட்டான். வெளியே பனி விழத் தொடங்கி, வண்டியின் கண்ணாடியை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. இருவரும் கன்னத்தை மேஜையில் வைத்துத் தவளையைப் பார்த்தார்கள்.