கிறகோரி ஐயாவின் ஊதா விரல்

இன்று குருநகரில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? கிறகோரி ஐயாவை! கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தேர்தல் பற்றிப் பேச்சு வந்ததும் வாக்குப் போட்டால் மை பூசும் இடதுகைச் சுண்டுவிரலை நீட்டினார். ஒரு பழைய வடு. "இதாலைதான் ஒருக்கால் உயிர் போகப் பாத்தது," என்றார்.

1989 மாசி, பாராளுமன்றத் தேர்தல் நாள். வாக்குப் போடாதவனுக்கு அடி இருக்கிறது என்று, ஆயுதம் தூக்கியவர்களில் ஒரு பக்கத்தார் ஊரை மிரட்டியிருந்தார்கள். விரலில் மை இருந்தால் ஆளே இருக்கமாட்டான் என்று மற்றப் பக்கத்தார். ஐயா போடுவதில்லை என்று முடிவெடுத்து வீட்டில் இருந்தார். ஆனால் முதல்நாள் கடலில் கெளிற்று மீனின் முள் அந்த விரலில் ஏறியிருந்தது. மனைவி பெர்னடெட் வாக்கு மை போலவே இருக்கும் ஊதா மருந்தை அள்ளிப் பூசிவிட்டிருந்தார். காலையில் கை வீங்கவே, சைக்கிளில் மருந்துக்குப் புறப்பட்டார்.

வழியில், வாக்குப் போட ஆட்களை ஏற்றித் திரிந்த வான் ஒன்று மறித்தது. துவக்கைத் தோளில் மாட்டியபடி இறங்கியவன் விரலைப் பார்த்தான்.

"ஆ, ஐயா வெள்ளனவே போட்டிட்டார்! போங்கோ, போங்கோ."

ஐயா அதைத் திருத்தாமலே சைக்கிளை மிதித்தார். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மருந்துக்கடை பூட்டு. திரும்பி வரும்போது மாதா கோயிலுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் மற்றப் பக்கத்துப் பொடியள் இரண்டு பேர். சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"விரலைக் காட்டும். உது என்ன?"

"கெளிறு குத்தினது, தம்பி. மனிசி மருந்து பூசினவ."

"இண்டைக்கெண்டு பாத்துத்தான் கெளிறு குத்துமோ?"

துவக்கு நெஞ்சில் முட்டியது. ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அமுக்கினார். சீழும் இரத்தமும் வழிந்தன. முள் ஏறிய துளையைக் குனிந்து பார்த்தவன் துவக்கை இறக்கினான்.

"அப்ப எங்கடை சொல்லைக் கேட்டிருக்கிறியள். நல்லம்."

'ஓம்' என்றால் போதும், வீட்டுக்குப் போகலாம். ஐயா சொன்னார்:

"இல்லைத் தம்பி. உங்களுக்காக இல்லை. மீன் ஏலத்திலை என்ரை கையை இன்னொருத்தன் பிடிச்சுத் தூக்கினால், அது நான் கேட்ட விலையோ? காலமை அவங்கள் தூக்கப் பாத்தாங்கள். நீங்கள் அமத்திப் பிடிக்கிறியள். அது என்ரை கையே இல்லை. அதுதான் போடேல்லை."

துவக்கு மறுபடி உயர்ந்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

"போங்கோ," என்றான் மற்றவன். "உந்தக் கதையை வேறை இடத்திலை கதையாதேங்கோ."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னவருக்குப் பெர்னடெட் அம்மாவிடம் கிடைத்தது ஏச்சு. இன்றைக்கும் விடவில்லை அவர். "ஓம் எண்டிட்டு வந்திருந்தால் வாய் தேஞ்சு போமோ?" என்று என் முன்னாலேயே கேட்டார். பிறகு சிரித்தார். "இப்பவெண்டால் வாக்குப் போட விடியமுன்னம் போய் வரிசையிலை முதல் ஆளாய் நிப்பார். நான் தேத்தண்ணியோடை பின்னாலை ஓடவேணும்."

குருநகர்ப் பக்கம் போனால் இருவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டிலும் அன்று வாக்குப் போடாதவர்கள் இருப்பார்கள். அதட்டாமல், ஏன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கேட்டதை இதன் கீழே எழுதுங்கள்.