மலையில் கொட்டிய மீன்

எங்கள் ஹெலிகாப்டர் முன்பு எல்லைக்குச் சிப்பாய்களை ஏற்றிப் போனது. இப்போது அதன் வயிற்றுக்குக் கீழே பெரிய தண்ணீர்ப் பை தொங்குகிறது. அதை ஓட்டிக் காட்டுத்தீயை அணைப்பது என் வேலை.

பேரையூருக்கு மேற்கே மலை எரிந்த அன்று, எங்கோ தூரத்து அணையில் தண்ணீர் எடுக்கச் சொன்னார்கள். போய்வருவதற்குள் மலையே சாம்பலாகிவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பொறந்த ஊரு இது. அடிவாரத்துலயே கம்மா கெடக்கு, அதுல மோந்துக்கிறேன்" என்று ரேடியோவில் சண்டைபோட்டு அனுமதி வாங்கினேன்.

அந்தக் கண்மாயில் மீன் குத்தகைக்காரர் கம்பு ஊன்றி வலை கட்டியிருந்தார். ஓரமாகப் பையை இறக்கியதுமே மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு கரையில் ஓடிவந்தார். நான் அள்ளிய தண்ணீரைக் கொண்டுபோய்த் தீயில் கொட்டினேன். அதை அவரும் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது, ஆழமான இடத்திலிருந்த கம்புகளை ஆட்களோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, கரையில் நின்று துண்டை வீசி என்னைக் கூப்பிட்டார்.

பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியபோது ஊரே விசிலடித்தது. குத்தகைக்காரர் தூக்குச்சட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எம்புட்டு மீன மலையில கொட்டுனியோ தாயி, அம்புட்டும் கருகிப்போயிருக்கும். இது பதமா வறுத்தது. தின்னுட்டுப் போ."